வாய்ப்புண்ணும் தலைவிதியும்
(சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், புற்றுநோய்க்காகக் கீமோதெரபி மருந்து ஏற்றிக்கொள்ளுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புண்ணைப் பற்றியதாகும். "உயிருக்கே மன்றாடுகிற இடத்தில் வாய்ப்புண் ஒரு பெரிய காரியமா?" என்று சிலர் கேட்கலாம். பெரிய காரியந்தான் என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், வாய் புண்ணானால் உண்ண முடியாது. உண்ணாவிட்டால் உடல் மெலியும். மெலிந்தவருக்கு வைத்தியர் அடுத்த மருந்தைத் தள்ளிப்போடவோ, அளவைக் குறைக்கவோ நேரிடும். ஆகவே வாய்ப்புண் சிகிச்சையையே கெடுக்கக் கூடியதாகும்.

இது எதனால் வருகிறது? தெய்வக் குற்றம் என்கிறார் ஒருவர். கண்ணேறு என்கிறார் மற்றொருவர். தலைவிதி என்கிறார் மூன்றாமவர். உண்மை என்னவென்றால், இம்மருந்துகளில் பல, வேகமாய்ப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குபவை. புற்றும் பெருகுகிறது, வாயின் உட்தோலும் ஓயாமல் புதிதாகிறது. மருந்துக்கு இரண்டிற்கும் பேதம் தெரிவதில்லை. அதனால் மருந்து ஏற்றிய சுமார் 5 முதல் 10 நாளில் புண் தோன்றி, பெரும்பாலும் 2, 3 வாரத்தில் ஆறுகிறது. இப்படி நாள் கணக்குப்படி வந்து போகும் ஒன்றுக்கு எந்தச் சாமியின் கோபத்தைக் காரணம் சொல்வது?

காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். 1957-ல் ஹைடல்பெர்கர் முதலியோர் வெளியிட்ட ஃபுளோரோயுராசில் என்னும் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரத்தக்குழாயில் ஒரே தடவையாய்ச் செலுத்தும்போது, 5 நிமிஷம் முன்பிருந்து அரைமணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் அடக்கி வைத்தால், வாயின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, அங்கு மருந்து செல்வது குறைகிறது, புண்ணும் குறைகிறது. இதற்குத் தாயத்தும் வேண்டாம், தட்சணையும் வேண்டாம். ஆனால் ஆக்ஸாலிபிளாட்டின் பெறுகிறவர்களுக்குக் குளிர்ச்சியே உபத்திரவமாகும். ஆதலால் வைத்தியரைக் கேட்டே செய்ய வேண்டும்.

சிகிச்சைக்கு முன்பே சொத்தைப் பல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள். மெல்லிய பிரஷ்ஷால் பல் துலக்குங்கள். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன் கலந்து, தினம் நாலைந்து தடவை கொப்பளித்துத் துப்புங்கள். ஆல்கஹால் கலந்த வாய்கொப்பளிக்கும் மருந்து, வெற்றிலைபாக்கு, புகையிலை, காரம், புளி, கொதிக்கிற பதார்த்தம் ஆகியவற்றை விலக்குங்கள். ஆறிய கஞ்சியும், குழைந்த சாதமும் போதும். புண் வந்துவிட்டால் வலியடக்க மருந்து உண்டு. வெள்ளைப் படலம் கண்டால் அது பூஞ்சைத் தொற்றாயிருக்கலாம். அதற்கும் மருந்து உண்டு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடுநிசியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து.

கடைசியாக ஒன்று. நம் வீட்டுப் பெண்களுக்கு, பொறுத்துக்கொள்வதே குணம் என்று சிறுவயது முதல் கற்பித்து வைத்திருக்கிறோம். அதனால் அவர்கள் வாய் வெந்து கிடந்தாலும் சொல்வதில்லை. எல்லோருக்கும் வைத்த காரக்குழம்பையே தாமும் தொட்டுக்கொண்டு, பசியில்லை என்று எழுந்துவிடுகிறார்கள். வீட்டிலுள்ள ஆண்களே! தினமும் அவர்கள் வாயைப் பாருங்கள். உப்பு நீரைக் கலந்து கொடுங்கள். கஞ்சியை நீங்களே காய்ச்சுங்கள். தாய்மார்களே! வலித்தால் வைத்தியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் வைத்தியம் செய்ய முடியும்.