தாறுமாறுக்கும் கணக்குண்டு



ஒழுங்காயிருப்பதற்குத்தான் கணக்குண்டு, தாறுமாறாய்க் கிடப்பதற்குக் கணக்கேது என்று கைவிரிப்பவர்கள் அநேகர். வேல்ஸ் நாட்டில் 1928-ல் பிறந்த சாம் எட்வர்ட்ஸ் கைவிரிக்கவில்லை.

உலோகத்தில் கண்டபடி கலந்து கிடக்கும் அந்நிய அணுக்கள் மின்சாரத்தைத் தடுக்கின்றன. ஒவ்வொன்றும் இருக்குமிடத்தை யார் எண்ணுவது? எண்ணவே வேண்டாம், அவை இருக்கக்கூடிய இடங்களுக்கெல்லாம் சராசரி பார்த்தால் போதும் என்று 1958-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்.

பிறகு ரப்பருக்கு வந்தார். அதன் நீண்ட மூலக்கூறுகள் சிக்கெடுக்காத தலைமயிர்போலப் பின்னிக் கிடப்பவை. சுற்றியுள்ளவை நெருக்குவதால் ஒவ்வொன்றும் குழாய்க்குள் அகப்பட்டதுபோல்தான் அசையமுடியும் என்று 1967-ல் எழுதினார்.

1975-ல் ஆண்டர்சனும் இவருமாக, சில உலோகக் கலவைகளில் ஆளுக்கொரு திசையில் உறைந்துபோகும் அணுக்காந்தங்களையும் கணக்கில் பிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், காந்தத்துக்குப் போட்ட அந்தக் கணக்கை வைத்தே, நரம்பு வலை மாதிரிகள் எவ்வளவு ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று பின்னால் வேறு சிலர் அளந்தார்கள்!