தொண்டை வலி எப்போது ஆபத்து? கழுத்தின் ஆழத்தில் கட்டும் சீழ்

காது மூக்கு தொண்டை டாக்டரா என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி இது: "தொண்டை வலிக்கு எப்போ பயப்படணும்?" பெரும்பாலான தொண்டை வலி வைரஸ்னால வர்றது. ஒரு வாரத்துல தானா அடங்கிடும். இன்னைக்கு அடங்காத வகையைப் பத்திப் பேசுறேன்.

நம்ம கழுத்துல தசை, ரத்தக்குழாய் எல்லாத்தையும் மெல்லிய உறைகள் சுத்தியிருக்கு. அந்த உறைகளுக்கு நடுவுல இருக்குற இடைவெளியில தொற்று நுழைஞ்சா அங்கேயே சீழ் கட்டும். தோல்ல வர்ற கட்டி மாதிரி வெளியே பழுத்துத் தெரியாது. உள்ளே மூச்சுப் பாதையை நெருக்கும். சில சமயம் நெஞ்சுக்கூடு வரைக்கும் இறங்கிடும். ஆபத்தே அதுதான்.

மூணு வகையைத் தெரிஞ்சுக்கிட்டா போதும்.

முதலாவது, டான்சிலைச் சுத்திக் கட்டுற சீழ். வலி ஒரு பக்கம் மட்டும் அதிகமா இருக்கும், அந்தப் பக்கக் காதுக்கும் பரவும். வாயைத் திறக்க முடியாது. சூடான சோத்தை வாயில வெச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி குரல் மாறும். டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்நாக்கு எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கும்.

ரெண்டாவது, தொண்டைக்குப் பின்னால கட்டுறது. இது சின்னக் குழந்தைகள்ல அதிகம். காய்ச்சலோட குழந்தை சாப்பிடாது, எச்சில் வடிக்கும், கழுத்தைத் திருப்பவோ அண்ணாந்து பார்க்கவோ மறுக்கும். பெரியவங்களுக்கு மீன் முள் குத்தின புண்ணிலிருந்தும் இது வரலாம்.

மூணாவது, நாக்குக்கு அடியில பரவுறது. 1836இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்ததால் 'லுட்விக் ஆஞ்சைனா' என்று பெயர். பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையில் ஆரம்பிக்கும். தாடைக்கு அடியில ரெண்டு பக்கமும் பலகை மாதிரி கெட்டியா வீங்கி, நாக்கை மேலே தூக்கும். இதுல சீழ் சேர்றதுக்கு முன்னாடியே வீக்கம் மூச்சை அடைக்கலாம்.

சர்க்கரை நோயாளிங்க இன்னும் கவனமா இருக்கணும். அவங்களுக்குத் தொற்று வேகமாப் பரவும். மெடிக்கல் ஷாப்ல வாங்கின வலி மாத்திரையும், அரைகுறையா நிறுத்தின ஆன்டிபயாடிக்கும் காய்ச்சலைக் குறைச்சுக் காட்டும். சீழ் அங்கேயேதான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில நாங்க முதல்ல பார்க்குறது சீழை இல்லை, மூச்சை. உட்கார்ந்தா மூச்சு வருது, படுத்தா திணறுதுன்னா அவரை வற்புறுத்திப் படுக்க வைக்கக் கூடாது, ஸ்கேனுக்காகக்கூட. தேவைப்பட்டா முழிப்போட இருக்கும்போதே கேமரா உதவியோட குழாய் வைப்போம். அது முடியலைன்னா கழுத்துல துளை போட்டு மூச்சுக்கு வழி செய்வோம். மூச்சுக்கு ஆபத்து இல்லைன்னு உறுதியானதும், மருந்து செலுத்தி எடுக்குற சி.டி. ஸ்கேன்ல சீழ் எங்கே, எவ்வளவுன்னு தெரியும்.

ஆன்டிபயாடிக் ஊசி உடனே ஆரம்பிக்கணும். குழந்தைகளோட சின்னச் சீழ் சில சமயம் மருந்துலயே கரையும்; ஒண்ணு ரெண்டு நாள் அட்மிட் பண்ணிக் கவனிப்போம். டான்சில் சீழைப் பல நேரம் ஊசியால உறிஞ்சினாலே போதும். பெரிசா இருந்தா திறந்து வடிக்கணும். பல்லுதான் காரணம்னா அந்தப் பல்லையும் கவனிச்சாகணும், இல்லேன்னா திரும்ப வரும்.

ஆன்டிபயாடிக் வருவதற்கு முந்தைய காலத்தில் லுட்விக் ஆஞ்சைனா வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இப்ப சீக்கிரம் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க பிழைச்சுக்குறாங்க. 'சீக்கிரம்'ங்கிறதுதான் இதுல முக்கியமான வார்த்தை.

அதனால இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. வாய் திறக்கலை, எச்சில் முழுங்க முடியலை, குரல் மாறுது, கழுத்து வீங்குது, படுத்தா மூச்சு முட்டுது. இதுல ஒண்ணு இருந்தாலும் காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. உப்புத் தண்ணி கொப்பளிச்சுப் பார்க்குற நேரம் அது இல்லை. ராத்திரியா இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்க. மூச்சுத் திணறல் இருந்தா 108-ஐக் கூப்பிடுங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவரை உட்கார்ந்தபடியே இருக்க விடுங்க.