சாட்டை வார் ஏன் சிவக்குது?
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. போன கூட்டத்துல தோல் சாமானைப் பத்தி ஒரு கேள்வி வந்துச்சு. அதுக்கு நீயே வந்து பதில் சொல்லுன்னு தலைவி அக்கா சொன்னாங்க, வந்து நிக்கிறேன்.

தீபத்து மாட்டுச் சந்தையில எங்க குழு வித்த சாட்டையும் கழுத்துப் பட்டையும் வாங்கும்போது வெளிர் மஞ்சளா இருந்துச்சு. பொங்கலுக்குள்ள செவந்து போச்சு. ரெண்டு பேர் திருப்பிக் கொண்டு வந்து, "பழைய சரக்கை மினுக்கி வித்துட்டீங்க"ன்னு சொன்னாங்க. அதை வச்சு, தோல் சாமான் நம்ம கடைக்கே வேண்டாம்னு சில பேர் சொன்னீங்க. எங்க குழுவுல ஆறு பேர் இந்த வேலைக்குன்னு கடன் வாங்கியிருக்கோம். மாசா மாசம் தவணை கட்டிக்கிட்டிருக்கோம். அதனால இதைக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

எங்க மாமனார் வீட்டுல மூணு தலைமுறையா வண்டி மாட்டுக்கு வேண்டிய வார் சாமான் செய்றாங்க. வார் அறுக்கிறது ஆம்பளைங்க. பின்னுறதும், எண்ணெய் போடுறதும், நிழல்ல காய வைக்கிறதும் எப்பவும் பொம்பளைங்கதான். அந்த வேலைக்குக் கூலின்னு யாரும் கணக்குப் போட்டதில்லை, அது வேற கதை.

பச்சைத் தோலை அப்படியே விட்டா அழுகிடும். அழுகாம இருக்க துவர்ப்புச் சத்து ஏத்தணும். நம்ம வட ஆற்காட்டுப் பக்கம் அந்தக் காலத்துல இதுக்கு ஆவாரம்பட்டைதான். ரோட்டோரம் மஞ்சளாப் பூத்து நிக்குதே, அதே ஆவாரஞ்செடி. அதோட பட்டையை இடிச்சு, தண்ணியில தோலோட ஊறப் போடுவாங்க. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு தோல் ஊருங்க பேர் வாங்கினது முதல்ல இந்தப் பட்டைத் தோலை வச்சுத்தான். இப்போ ஆவாரம்பட்டை கிடைக்கிறது குறைஞ்சு, வாட்டில் மரத்துப் பட்டைச் சத்துல பதம் போட்டதும் வருது. ரெண்டுக்கும் குணம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

இந்தத் துவர்ப்பு வெயிலும் காத்தும் பட்டா செவக்கும். யாரும் சாயம் பூசல. டீ டம்ளரைக் கழுவாம வச்சா உள்ள ஒரு செம்பழுப்புக் கறை படியுது இல்லையா? டீத்தூள்ல இருக்கிறதும் இதே மாதிரி துவர்ப்புத்தான். பழைய தோல்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும். ரொம்பச் செவக்காம இருக்கத்தான் ஆவாரம்பட்டைக்கு அப்புறம் தோலைக் கடுக்காய்த் தண்ணியில ஒரு தரம் ஊற வைப்பாங்க. நம்ம ஜவ்வாது மலையில பொறுக்கி எடுத்து வர்றாங்களே, அந்தக் கடுக்காய்தான்.

வெயிலாலதான் நிறம் மாறுதுன்னு நம்பாதவங்க ஒரு பழைய சாட்டையை எடுத்து, கோல்ல கட்டியிருக்கிற முடிச்சை அவிழ்த்துப் பாருங்க. முடிச்சுக்கு உள்ள இருந்த இடம் மட்டும் இன்னும் வெளிர் மஞ்சளாவே இருக்கும். வளையலைக் கழட்டினா மணிக்கட்டுல ஒரு வெளுத்த கோடு தெரியும் பாருங்க, அது மாதிரி. திருப்பிக் கொண்டு வந்த ஒரு பெரியவர்கிட்ட இதைத்தான் அவிழ்த்துக் காட்டினேன். ஒண்ணும் பேசாம சாட்டையை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். இன்னொருத்தர் ஒத்துக்கல, பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டோம்.

அடுத்தது எண்ணெய். காய்ஞ்ச தோல்ல நாருக்கு நாரு நடுவுல காத்து இருக்கும், அதனால வெளிச்சம் சிதறி வெளுப்பாத் தெரியும். எண்ணெய் போனதும் அந்த இடம் நிரம்பி நிறம் ஆழமாயிடும். எண்ணெய் பட்ட காகிதம் கருக்கலாத் தெரியுதே, அதே கதை. கை படுற இடத்துல வேர்வையும் சேரும், தேய்ச்சுத் தேய்ச்சு வழவழப்பும் வரும். அதனாலதான் பிடிக்கிற பக்கம் பழுத்த நாவல் மாதிரியும், நுனிப் பக்கம் செங்கல் நிறமாவும் இருக்கும். பத்து வருஷம் ஓட்டின சாட்டையில இந்த ரெண்டு நிறத்தையும் பார்க்கலாம்.

நாங்க போடுறது புங்க எண்ணெய். தோல் பதம் போடுறவங்களும் முன்னெல்லாம் அதைத்தான் போட்டாங்க. லேசா சுட வச்சு, பழைய பருத்தித் துணியில தொட்டு, ரெண்டு பக்கமும் தடவி, ஒரு ராத்திரி நிழல்ல தொங்க விட்டு, காலையில துடைச்சிடணும். வருஷத்துக்கு மூணு தரம் போதும். மழைக்கு முன்னாடி ஒண்ணு, மழை விட்டதும் ஒண்ணு, கோடையில ஒண்ணு. சொட்டச் சொட்டப் போட்டா வார் தொளதொளன்னு ஆயிடும், அடியில சத்தமே வராது. நம்ம பக்கத்துச் சாட்டைக்கு அந்தச் சத்தம்தான் வேலை. மாட்டைத் தோலுரிய அடிக்கிறவன் வண்டிக்காரனே இல்லைன்னு மாமனார் சொல்வார். தார்க்குச்சியில ஆணி வச்சுக் குத்துறதைச் சட்டமே தடுத்திருக்கு. 1965-லயே விதி போட்டாச்சு.

எல்லா நிற மாத்தமும் நல்லதுன்னு நான் சொல்லல. கருப்பா திட்டுத் திட்டா வந்தா அது இரும்பு. வாழைக்காயை இரும்பு அரிவாள்மணையில நறுக்கினா கறுக்குது, பார்த்திருப்பீங்க. துவர்ப்பும் இரும்பும் ஈரத்துல சேர்ந்தா மை மாதிரி ஆயிடும். அதனால கழுத்துப் பட்டைக்குப் பித்தளை வளையம்தான் போடணும், பத்து ரூபா கூட ஆனாலும் சரி. கறை புதுசா இருந்தா எலுமிச்சம்பழச் சாறு கொஞ்சம் தொட்டுத் துடைச்சு, ஈரத்துணியில ஒத்தி எடுத்து, காய்ஞ்சதும் எண்ணெய் போடலாம். வெள்ளையா பஞ்சு மாதிரி படிஞ்சா பூஞ்சை. மழைக்காலத்துல மூட்டையா கட்டி வச்சா வரும். காய்ஞ்ச துணியில தட்டி எடுத்து, புங்க எண்ணெயில நாலு சொட்டு வேப்பெண்ணெய் கலந்து தடவணும். வெளுத்துப்போய் மடிக்கும்போது கீறல் விட்டா, எண்ணெய் காணாம கிடந்த தோல். அதை அப்புறம் என்ன பண்ணினாலும் தேறாது.

இன்னொரு தோல் இருக்கு, குரோம் தோல். ஆல்பிரட் சாட்டர்டன்னு ஒரு வெள்ளைக்காரர் 1903-ல மெட்ராஸ்ல அதைச் செஞ்சு பார்க்க ஆரம்பிச்சார். எதுக்குன்னா, நம்ம ஊருக் கவலைக்கு. மாட்டைக் கட்டிக் கிணத்துத் தண்ணி இறைப்பாங்களே, அந்தத் தோல் சால் சீக்கிரம் கெட்டுப்போச்சு. குரோம் தோல் தண்ணிக்கு நல்லாத் தாங்கும். பதம் போட்டதும் நீலமா இருக்கும், மேலதான் சாயம் ஏத்துவாங்க. அது பட்டைத் தோல் மாதிரி வெயில்ல செவந்து பழுக்காது. அதுல மேல் சாயம் தேய்ஞ்சா உள்ள நீலச் சாம்பல் தெரியும்.

சந்தையில வாங்கும்போது வார் நுனியைக் கொஞ்சம் சீவிப் பாருங்க. உள்ளயும் மஞ்சளோ பழுப்போ இருந்தா பட்டைத் தோல். ஒரு சொட்டுத் தண்ணி விட்டா உடனே கறுத்து, காய்ஞ்சதும் பழையபடி வரும். புது வாரை வண்டி எஞ்சின்ல வடிச்ச கருப்பு ஆயில்ல முக்கி, "நல்லாப் பழகின சாட்டை"ன்னு விக்கிறவங்களும் இருக்காங்க. வெள்ளைத் துணியில தேய்ங்க. துணி கறுத்தா வச்சிட்டு வந்துடுங்க.

இந்தத் தீபத்துக்கு ஒவ்வொரு சாமானோடயும் ஒரு சீட்டு கொடுக்கப் போறோம். "இது பட்டைத் தோல், வெயிலுக்குச் செவக்கும்"னு முதல் வரியிலயே பெரிய எழுத்துல இருக்கும். எப்படி எண்ணெய் போடணும்னும் இருக்கும். எங்க பொண்ணு எட்டாவது படிக்கிறா, அவதான் எழுதியிருக்கா.

கடைசியா ஒண்ணு கேக்கணும். போன வருஷம் நம்ம கடையில முறுக்கு, ஊறுகாய், பினாயில், புடவை எல்லாம் பந்தலுக்குள்ள மேஜையில இருந்துச்சு. தோல் சாமானை மட்டும் வெளியில சாக்கு விரிச்சு வைக்கச் சொன்னாங்க. நிறம் மாறுதுன்னு சொல்றதுக்கு முன்னாடியே அப்படித்தான். ஆயுத பூஜைக்குச் சாட்டைக்கும் மஞ்சள் குங்குமம் வச்சுத்தானே நம்ம வீட்டுல கும்பிடுறோம்? வெளியில மூணு நாள் வெயில்ல கிடந்து, விக்கிறதுக்கு முன்னாடியே பாதி வார் செவந்துடுச்சு. இந்த வருஷம் எங்களுக்கும் பந்தலுக்குள்ள ஒரு மேஜை வேணும். தின்பண்டத்துப் பக்கத்துல வேண்டாம்னா புடவைப் பக்கத்துல கொடுங்க. இதை இன்னைக்கே தீர்மானத்துல எழுதிடணும்னு எங்க குழு சார்பா கேட்டுக்கிறேன்.