வாய் கொப்பளிக்கும் மருந்து: நாற்றத்தை மறைக்கும், நோயைத் தீர்க்குமா?



கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அந்தத் தொடக்கக் காலத்தில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். குளிருக்கு இதமாகத் தேத்தண்ணியும், களைப்புக்கு வெற்றிலைப் பாக்கும் அவர்களோடு ஒட்டிக்கொண்டன. இன்று பிள்ளைகள் படித்து ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று குடியேறிவிட்டார்கள். வீட்டில் வாய் கொப்பளிக்கும் மருந்துப் புட்டியும் வந்துவிட்டது.

அங்கே ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "டாக்டர், அந்த மருந்தைக் கொப்பளிச்சதிலிருந்து பல்லெல்லாம் பழுப்பாயிடுச்சே, அது நல்லதா, கெட்டதா?"

"ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிப்பீங்கம்மா?" என்று கேட்டேன். "ஆறு, ஏழு இருக்கும்" என்றார். விடை அதில்தான் இருந்தது.

அவர் பயன்படுத்தியது குளோர்ஹெக்சிடின். ஈறு வீக்கத்துக்கும் பல் அறுவைக்குப் பிறகும் 0.12 அல்லது 0.2 விழுக்காட்டு அளவில் கொடுக்கப்படும் மருந்து இது. பல்லிலும் வாயின் உள்தோலிலும் ஒட்டிக்கொண்டு, பல மணி நேரம் கிருமிகளைத் தடுக்கும். அந்த ஒட்டும் குணமே தேயிலையின் சாயத்தையும் பல்லில் பிடித்து வைக்கிறது. பயப்பட வேண்டாம், பல் மருத்துவர் அந்தக் கறையைச் சுத்தம் செய்துவிடுவார். நாக்கின் சுவை சில நாள் மாறலாம். ஆகவே மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல், வழக்கமாக இரண்டு வாரத்துக்கு மேல், தொடர்ந்து பயன்படுத்தக்கூடாது. பற்பசையால் துலக்கிய உடனே கொப்பளித்தால் பலன் குறையும். அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள். அரிதாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

கடையில் தாராளமாகக் கிடைப்பவை வேறு வகை. ஒன்றில் செட்டில்பிரிடினியம் குளோரைடு இருக்கும். இன்னொன்றில் தைமால், மெந்தால், யூகலிப்டால் போன்ற எண்ணெய்ச் சத்துகள் இருக்கும். லிஸ்டரின் இந்த இரண்டாவது வகை. 1879-இல் அமெரிக்காவில் உருவான அதற்கு, அறுவைச் சிகிச்சையில் கிருமிநாசினியைப் புகுத்திய ஜோசப் லிஸ்டரின் பெயரை வைத்தார்கள். இந்த எண்ணெய்களைக் கரைக்கச் சில தயாரிப்புகளில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் சேர்க்கிறார்கள். பீரில் இருப்பது 5 விழுக்காடு அளவுதான்! எனவே குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எந்தக் கொப்பளிப்பு மருந்தும் வேண்டாம், அவர்கள் விழுங்கிவிடுவார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் வாய் வறட்சி உள்ளவர்களுக்கும் ஆல்கஹால் இல்லாத வகையே நல்லது. ஆல்கஹால் கலந்த கொப்பளிப்பு மருந்து புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

நேயர்களே, இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. பல்லில் படிந்த அழுக்குப் படலத்தை எந்தத் திரவமும் கழுவிவிடாது. அதற்குத் தூரிகைதான் வேண்டும். துலக்காத வாயில் மருந்து ஊற்றுவது, பெருக்காத வீட்டில் பன்னீர் தெளிப்பது போல. நாற்றம் சற்று நேரம் மறையும். ஈறு நோய் உள்ளே வளரும்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே, அதிலும் பெண்களிடையே அதிகம் காணப்படுகிறது. "நான் புகையிலை சேர்ப்பதில்லையே" என்பார்கள். புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று, உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பாக்குதான் காரணம். கொப்பளித்தால் வாயின் சிவப்பும் நாற்றமும் போகலாம். பாக்கு செய்த கேடு போகாது.

வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாயைத் திறக்க முடியாத இறுக்கம், காரம் பட்டால் எரிச்சல், இரண்டு வாரமாகியும் ஆறாத புண் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்துப் புட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அரசாங்கப் பல் மருத்துவகத்துக்குப் போங்கள். "வலிக்கவில்லையே" என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் பல சமயம் வலிக்காது. அப்போதே கண்டுபிடித்தால் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

காலையிலும் இரவிலும் ஃபுளோரைடு பற்பசையால் துலக்குங்கள். சிறு புண்ணுக்கு, ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போதும். இன்றிரவு உங்கள் வீட்டுப் பாட்டியை வெளிச்சத்தில் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான். ஓர் உயிரைக் காக்கலாம்.