எரிச்சலின் அடியில் மனச்சோர்வு

மனச்சோர்வு எனப்படுவது, குறைந்தது 2 வாரங்கள் நாளின் பெரும்பகுதியும் நீடித்து, உறக்கம், பசி, படிப்பு ஆகியவற்றைக் குலைக்கும் ஒரு நோயாகும். பதின்வயதினரிடம் அது பெரும்பாலும் அழுகையாக அன்றி எரிச்சலாகவும், காரணம் புலப்படாத தலைவலி, வயிற்றுவலியாகவும் வெளிப்படுவதால், வீட்டார் அதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ கருதிக் கடிந்துகொள்வது மிகுந்த வேதனைக்குரியது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா எனப் பிள்ளையிடம் நேரடியாகக் கேட்டால் அவ்வெண்ணம் விதைக்கப்பட்டுவிடும் என்னும் அச்சத்திற்கு ஆதாரமில்லை. மாறாக, கனிவோடு கேட்கப்படும் அக்கேள்வி, பல நாள் அடக்கிவைத்த சுமையை அவர்கள் இறக்கிவைக்க வழி திறக்கிறது. அம்மாவிடம் சொல்லத் தயங்குவோர் அத்தையிடமோ ஆசிரியரிடமோ சொல்லலாம். தன்னைத் தாழ்த்தும் எண்ணங்களை இனங்கண்டு, அவை உண்மையா எனச் சோதித்துப் பார்க்கப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, இவ்வயதினருக்குப் பயனளிப்பதாக நிறுவப்பட்ட முறையாகும். மருத்துவமனைக்கு உடனே செல்ல இயலாதோர், 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்து, தமிழிலேயே பேசலாம்.