சாக்கு எடையைக் கழித்துவிட்டு நிறுப்போம்



தெரணியகலையில் ஒரு இலக்கிய மாலை நடக்கிறது. அதிலே ராப் பாட்டைப் பற்றி ஒரு பேச்சு. இது எதற்கு என்று சிலருடைய முகத்தில் கேள்வி தெரிகிறது. இந்த ஊரில் ஓடுகிற ஓட்டோக்களில் இன்றைக்கு ஒலிப்பது இந்தப் பாட்டுத்தான். இருபது வயதுப் பிள்ளை சொல்லைத் தேடி, எதுகை தேடி, தாளத்தில் அடக்கிப் பாடுகிறான் என்றால் அது இலக்கியத்தின் வேலை. அதை நாம் எடைபோடாமல் விட்டால் விளம்பரக்காரர்கள் எடைபோடுவார்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, பேரெடுத்த ஹிப் ஹாப் அல்பங்களில் எவை அந்தப் பேருக்குத் தகுதியானவை என்பது. எப்படி அளப்பது? நம்முடைய அம்மாமார் கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்கு வருகிறார்கள். தராசில் ஏற்றியதும் சாக்கின் எடை, தண்ணீரின் எடை என்று கழிக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கழிவு பல நாள் அநியாயமாகவே நடக்கிறது. ஆனால் புகழுக்கு அந்தக் கணக்கு நியாயம். சினிமா கொடுத்த எடையைக் கழியுங்கள். 'நாங்கள்தான் முதல்' என்ற எடையைக் கழியுங்கள். ஒரேயொரு பாட்டு ஓடியதால் வந்த எடையையும் கழியுங்கள். மிச்சம் எத்தனை கிலோ கொழுந்து நிற்கிறது? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

பிறந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். 1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் ஒரு மாடிக்குடியிருப்பில் ஒரு பிள்ளை தன் விருந்துக்கு அண்ணனைப் பாட்டுப் போடச் சொன்னாள். ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பம். அந்த அண்ணன்தான் கூல் ஹேர்க். ஒரு இசைத்தட்டில் தாளம் மட்டும் தனித்து வரும் இடத்தை இரண்டு தட்டுகளை வைத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று உலகம் கொண்டாடுவது அந்த நாளைத்தான். புலம்பெயர்ந்து வந்த ஏழைக் குடும்பத்தின் வீட்டில் பிறந்த கலை இது. நமக்கு அந்நியமானது என்று யாரும் சொல்லவேண்டாம்.

அமெரிக்க அல்பங்களில் விமர்சகர்கள் ஏறக்குறைய ஒரே குரலில் உச்சியில் வைப்பது 1994இல் வந்த 'இல்மாட்டிக்'. பாடியவர் நாஸ். அப்போது அவருக்கு வயது 20. பத்துத் தடம், சுமார் 40 நிமிடம், வீண் சதை கிடையாது. குவீன்ஸ்பிரிட்ஜ் என்ற அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த பையன், தன் ஜன்னலிலிருந்து என்ன தெரிந்ததோ அதைப் பாடினான். ஒரு பாட்டு முழுக்க, சிறையிலிருக்கும் நண்பனுக்கு எழுதும் கடிதம்: வெளியே என்ன நடக்கிறது, யார் செத்துப்போனான், யாருடைய பிள்ளை எப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போகிறான். கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போன சொந்தங்களுக்குக் கடிதம் எழுதிய குடும்பங்கள் நம்மிடம் இருக்கின்றன. அந்தப் பாட்டின் ஆங்கிலம் புரியாவிட்டாலும் அதன் மனசு நமக்குப் புரியும். இன்னொரு பாட்டின் முடிவில் அவருடைய அப்பா ஒலு தாரா கோர்னெட் ஊதுகிறார். தந்தையின் ஜாஸும் மகனின் ராப்பும் ஒரே பாட்டில் சேர்கின்றன. வந்தபோது அது பெரிதாக விற்கவில்லை. ஐந்து லட்சம் பிரதிக்கான தங்கச் சான்று கிடைக்க 1996 ஆனது. விற்பனையால் வந்த பேர் இல்லை அது. கேட்டவர்கள் கேட்டவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்ந்த பேர். கழித்துப் பார்க்க அதில் அதிகம் இல்லை. தகுதியானது.

1992இல் வந்த டொக்டர் ட்ரேயின் 'த குரோனிக்' பற்றி எனக்கு அந்த மரியாதை கிடையாது. இசையமைப்பில் அது ஒரு திருப்பம், அதை மறுக்கமாட்டேன். ஆனால் பெண்களைப் பற்றி அதில் வருகிற பேச்சு, இந்த மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அக்காமாருக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாதது. தாளம் நன்றாக இருக்கிறது என்பதற்காக அந்த வசையை விழுங்கவேண்டும் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது. அதன் பேரில் பாதிக்குத்தான் அது தகுதி. அதே கலையில் 1998இல் லோரின் ஹில் என்ற பெண் தனியாக ஒரு அல்பம் செய்து, அடுத்த ஆண்டு கிராமியில் ஆண்டின் சிறந்த அல்பம் என்ற விருதை வாங்கினார். ஹிப் ஹாப் அந்த விருதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. தங்கச்சிமார் முதலில் அதைக் கேளுங்கள்.

இனி நம்முடைய மொழிக்கு வருகிறேன்.

2006. மலேசியா. யோகி பியும் நட்சத்திராவும் சேர்ந்து வெளியிட்ட 'வல்லவன்'. யோகி பி, டொக்டர் பேர்ன், எம்சி ஜெஸ் என்ற மூன்று பேர். யோகி பி அதற்கு முன்பு 'பொயட்டிக் எம்மோ' என்ற குழுவில் பல மொழிகளில் ராப் பாடிக் கைதேர்ந்தவர். தமிழ் ராப்பின் முதல் அல்பம் இது என்று பலர் சொல்வார்கள். அந்த முதலிடத்தை நான் கணக்கில் எடுக்கப்போவதில்லை. இதன் பெரும் புகழ் 'மடை திறந்து' பாட்டினால் வந்தது. 1980இல் 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா போட்ட மெட்டு, வாலி எழுதிய வரி. ஆகவே ராஜாவின் எடையையும் கழிக்கவேண்டும். கழித்த பிறகும் இந்த அல்பம் கனமாகவே நிற்கிறது. காரணம், அதில் இருக்கும் தமிழ். ஆங்கிலத் தாளத்தின் முதுகில் தமிழை ஏற்றி நொண்ட விடவில்லை. தமிழின் குறிலும் நெடிலும் எங்கே விழவேண்டுமோ அங்கே விழும்படி சொல்லைச் செதுக்கினார்கள். இந்த மொழியில் இவ்வளவு வேகமாக, இவ்வளவு தெளிவாகப் பேசமுடியும் என்று சென்னைக்கும் கொழும்புக்கும் காட்டியது மலேசியாதான்.

அந்த மலேசியா நமக்கு யார்? இதை மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1876இல் பிரேசில் ரப்பர் விதையிலிருந்து இலண்டனில் முளைத்த கன்றுகள் கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்திறங்கின. இந்தக் கேகாலை மாவட்டத்தின் ரப்பர் மலைகளின் தொடக்கம் அங்கேதான். அடுத்த ஆண்டே மலாயாப் பக்கமும் கன்றுகள் போயின. மரம் போன இடத்துக்கெல்லாம் பால் வெட்ட ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆள் பிடித்தார்கள். ஒரு குடும்பத்தின் அண்ணன் கண்டிச் சீமைக்கு, தம்பி மலாயாவுக்கு. அங்கேயும் லயம், அங்கேயும் பிரட்டு. பின்னாளில் அங்கே தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றார்கள். செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் நகரத்தின் ஓரங்களில் போய் நின்றார்கள். மலேசியத் தமிழ் ராப்புக்குப் பின்னால் அந்த இடப்பெயர்வு இருக்கிறது. ஆகவே 'வல்லவன்' நமக்குச் சித்தப்பா வீட்டுப் பாட்டு. அதன் பேர் முழுக்கத் தகுதியானது. இன்னும் கூடுதலாகவே கொடுக்கலாம்.

2012இல் வந்தது 'ஹிப் ஹாப் தமிழன்'. ஆதியும் ஜீவாவும். இதைப் பற்றி நான் சொல்வது சில தம்பிமாருக்குப் பிடிக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். தனிப்பாட்டாகச் செய்து, சினிமாவுக்கு வெளியே நின்று தமிழ்நாட்டில் ஒரு கூட்டத்தைச் சேர்க்கமுடியும் என்று நிரூபித்தவர்கள் அவர்கள். அந்தத் துணிவுக்கு வணக்கம். ஆனால் அல்பமாக நிறுத்தால் எடை குறைகிறது. அவர்களைப் பெயர்பெற வைத்த 'கிளப்புல மப்புல' பாட்டில், குடிக்கும் ஆண்களிடம் கேட்காத கேள்வியைப் பெண்பிள்ளைகளிடம் கேட்டார்கள். தமிழ்ப் பெருமையைக் கொடியாகப் பிடிப்பது எளிது. அந்தக் கொடியின் கீழ் யாருடைய வாழ்க்கை இருக்கிறது என்று சொல்வதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையை அந்த அல்பம் செய்யவில்லை. பின்னால் வந்த சினிமா வெற்றி அதற்கு அதிக எடையைக் கொடுத்துவிட்டது.

அடுத்தவர் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்று உலகம் அழைக்கும் நம்முடைய இலங்கைப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, இலண்டனுக்கு அகதியாகத் திரும்பியவர். 2005இல் தந்தையின் பெயரால் 'அருளர்'. 2007இல் தாயின் பெயரால் 'கலா'. முதலாவதைத்தான் அதிகம் பேர் புரட்சி என்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிது. அமெரிக்க விசா தாமதமானதால் அவர் நாடு நாடாகப் போய் ஒலிப்பதிவு செய்தார். சென்னையில் மேளக்காரர்களை உட்காரவைத்து அடிக்கச் சொல்லி, அந்த அடியின் மேல் பாட்டைக் கட்டினார். 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டை ஒலிபெருக்கியில் போடுங்கள். காமன் கூத்துக்குத் தப்பு அடித்துப் பழகிய கைகள் தானாக அசையும். 'பேப்பர் பிளேன்ஸ்' அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடம்வரை ஏறியதற்கு ஒரு திரைப்பட முன்னோட்டமும் உதவியது, அதைக் கழியுங்கள். மிஞ்சுவது போதும். அந்த அல்பத்தில் ஒரு குறை உண்டு: நம்முடைய பறையும் உறுமியும் உலகத்தைச் சுற்றின, நம்முடைய தமிழ் சுற்றவில்லை.

தமிழ் சுற்றியது அறிவு என்ற பாடகரின் வாயால். அரக்கோணத்துப் பிள்ளை. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற சாதி எதிர்ப்பு இசைக்குழு மேடையேறியபோது அதில் நின்றவர். 2019இல் இசைத் தயாரிப்பாளர் ஒஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' என்ற அல்பம். நான் இன்று பேசிய தமிழ் அல்பங்களில் என் தீர்ப்பில் முதலிடம் இதற்குத்தான். அநியாயத்தைக் கண்டும் வாய்மூடிக் கிடப்பவனைக் 'கள்ளமௌனி' என்று பிடித்து நிறுத்திக் கேட்கிறது. சாதியைப் பற்றி மேடையில் பேசக் கூசுகிற நம் சமூகத்தில், அதை எதுகையோடும் மோனையோடும் பேசியது. கழிக்க எதுவும் இல்லை, ஏனென்றால் அதற்கு யாரும் எடை சேர்த்துக் கொடுக்கவில்லை. இங்கே எத்தனை பேர் முழுக்கக் கேட்டிருக்கிறீர்கள்?

'எஞ்சாயி எஞ்சாமி' என்று சொன்னால் எல்லாக் கையும் உயரும். 2021 மார்ச்சில் வந்தது. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசை. அந்தப் பாட்டின் வேர் இந்த நாட்டுத் தோட்டத்தில் இருக்கிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதினார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. நம்மை யாரும் கேட்கவில்லை. அப்படித் திரும்பிப் போனவர்களின் பேரன் பாடிய பாட்டை உலகம் கோடிக்கணக்கான தடவை கேட்டது. 2021 ஓகஸ்டில் ஒரு பெரிய இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு, அந்தப் பாட்டின் வெற்றியைச் சொல்லும் அட்டையை அறிவின் முகம் இல்லாமல் போட்டது. இயக்குநர் பா. ரஞ்சித் கேள்வி எழுப்பினார், கண்டனம் பெருகியது, பிறகுதான் அறிவுக்குத் தனி அட்டை வந்தது. நட்டது நாம், பேர் எடுப்பது வேறொருவர் என்ற கதையை இந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. அறிவு 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்று முழு அல்பத்துக்கே பாட்டியின் பெயரை வைத்துப் பதில் சொன்னார். அதற்கு இன்னும் உரிய பேர் கிடைக்கவில்லை. கிடைக்கவேண்டும்.

இலங்கையில் தமிழ் ராப்புக்குக் கிருஷான் மகேசன் பாதை போட்டார். தினேஷ் கனகரத்தினம் கொழும்பிலிருந்து போய் ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் பாடினார். ஆனால் சப்ரகமுவவின் லயத்துப் பேச்சில் ஒரு அல்பத்தை நான் இன்னும் கேட்கவில்லை. மலையகம் என்றால் நுவரெலியா என்றே நினைக்கிறார்கள். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக்கிடக்கும் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களை நம்முடைய ஆட்களே மறந்துவிடுகிறார்கள்.

நமக்கு முன்னோடி இல்லை என்று சொல்லாதீர்கள். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று பாட்டுப் புத்தகம் போட்டார். அரசியலைப் பாட்டாக்கித் தொழிலாளர் நடுவே நின்று அவரே பாடினார். மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சேர்த்த வாய்மொழிப் பாடல்கள் 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக வந்தன. கும்மி, தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியைத் திட்டும் பாட்டு, எல்லாம் அதில் இருக்கின்றன. நாஸுக்கு அப்பாவின் கோர்னெட் கிடைத்தது. உங்களுக்கு இவ்வளவும் கிடைத்திருக்கிறது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, 'தெருக்குரலை' இந்த வாரம் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேளுங்கள். அதன் பிறகு எழுத உட்காருங்கள். பால் வெட்டைப் பற்றி எழுதுங்கள், அரைப்பேர் போட்ட நாளைப் பற்றி எழுதுங்கள், காணியும் வீடும் இல்லாததைப் பற்றி எழுதுங்கள். தப்பு அடிக்கும் அண்ணனைப் பதிவுக்குக் கூப்பிடுங்கள், அவருக்குக் கூலி கொடுங்கள். பாட்டை வெளியிடும்போது யாருடைய பாட்டி அந்த வரியைத் தந்தாரோ, யாருடைய கை அந்த அடியை அடித்ததோ, அவர்களின் பெயரை உங்கள் பெயருக்கு மேலே போடுங்கள்.