பழகின கை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

வெப்சைட் எழுதும்போது முதலில் நம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்ப்போம். லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரில் திறந்தால் பிரவுசர் பெரும்பாலும் கேள்வி கேட்காது. அதையே பக்கத்திலிருக்கும் செல்போனில் திறந்து கேமராவைச் சோதிக்கப் போனால் விடாது. எச்டிடிபிஎஸ் வேண்டும், அதற்குச் சான்றிதழ் வேண்டும் என்று நிற்கும். லெட்ஸ் என்கிரிப்ட் 2015 முதல் சான்றிதழை இலவசமாகவே தருகிறது. ஆனால் லோக்கல்ஹோஸ்டுக்குத் தராது. அந்தப் பெயர் யாருக்குமே சொந்தமில்லையே!

ஆகவே நமக்கு நாமே கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் செய்துகொள்வோம். பிரவுசர் எச்சரிக்கும். 'பரவாயில்லை, போ' என்று அமுக்கிவிடுவோம். நானும் பல வருஷம் அமுக்கினவன்தான். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் நிஜமான சைட்டிலேயே அந்த எச்சரிக்கை வந்தது. படிக்காமலே அமுக்கி, பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தது, அவ்வளவுதான். நடுவில் திருடன் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தானே அமுக்கியிருப்பேன்? பழகின கை!

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கு. 2018-இல் பிலிப்போ வல்சோர்டா என்பவர் வெளியிட்ட எம்கேசெர்ட் என்ற இலவசக் கருவி. ஒருமுறை கட்டளை கொடுத்தால், உங்கள் மெஷினுக்கென்றே சான்றளிக்கும் ரூட் ஒன்றை உருவாக்கி, பிரவுசர் நம்பும் பட்டியலில் சேர்த்துவிடும். பிறகு பெயரையோ ஐபி எண்ணையோ சொன்னால் போதும், சான்றிதழ் தயார். செல்போனில் அந்த ரூட் சான்றிதழை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். எச்சரிக்கை வராது. அப்புறம் எப்போதாவது வந்தால், நின்று படிப்பீர்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை என்னிடமிருந்து. அந்த ரூட்டின் ரகசியச் சாவி அடுத்தவர் கையில் போனால், உங்கள் மெஷினிடம் 'நான்தான் உன் பேங்க்' என்று அவர் சொல்லலாம்; அதுவும் நம்பிவிடும். சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளோடு வந்த லெனோவோ லேப்டாப்கள் எல்லாவற்றிலும் ஒரே சாவி இருந்தது 2015-இல் அம்பலமானது நினைவிருக்கலாம். எனவே, 'எல்லாருக்கும் ஒன்றே போதும்' என்று சாவியை கிட்டில் போடாதீர்கள், குரூப்பில் அனுப்பாதீர்கள். வேலையைத் தானியங்கியாக்கும் ஸ்கிரிப்டைப் பகிருங்கள். சாவி அவரவர் மெஷினிலேயே பிறக்கட்டும்.

சோம்பல் தப்பில்லை தம்பி. சோம்பலில் கண்ணை மூடிக்கொள்வதுதான் தப்பு.